பானை மூடியில் ஒரு சுவர் மணிக்கூடு: முழுமையான வழிகாட்டி

கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சோறு வடித்த அலுமினியப் பானையின் அடி ஓட்டையாகிப்போனபோது, பானையைப் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு, மூடியை மட்டும் அம்மா எடுத்து வைத்துக்கொண்டார். வேறு எந்தப் பானைக்கும் அது பொருந்தவில்லை. இரண்டு வருடங்கள் குசினிச் சுவரில் சாய்ந்தபடியே இருந்த அந்த மூடிதான் இன்று எங்கள் முன்னறையில் நேரம் காட்டுகிறது. அதைச் செய்த முறையைத்தான், நான் கைதவறிய இடங்களையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

வீட்டிலிருக்கும் எந்த வட்டமான பொருளிலும் மணிக்கூடு செய்யலாம் என்று பலரும் சொல்வார்கள். செய்யலாம்தான். ஆனால் பானை மூடியைப்போல் இதற்கென்றே அமைந்த இன்னொரு பொருளை நான் காணவில்லை. மூடியின் பிடி பொருத்தப்பட்டிருந்த இடத்தில், மிகச் சரியாக நடுவிலே, ஏற்கனவே ஒரு துளை இருக்கிறது. நடுப்புள்ளியைத் தேடும் வேலை பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. மூடி வெளிப்பக்கம் மேடாகவும் உட்பக்கம் குழிவாகவும் இருப்பதால், பின்னால் வரும் பிளாஸ்ரிக் பெட்டி அந்தக் குழிவுக்குள் மறைந்துகொள்கிறது. அதைவிட முக்கியமானது, முன்பக்கத்தில் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருப்பதனால் முட்களின் நுனி எதிலும் முட்டுவதில்லை. நான் முதலில் ஒரு எனாமல் பீங்கானில் செய்து பார்த்தேன். பீங்கானின் விளிம்பு மேலே எழும்பி நிற்பதனால் நிமிட முள் அதில் உரசி, ஒவ்வொரு மணி நேரமும் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. முள்ளை வெட்டிச் சிறிதாக்கியபோது ஓட்டம் சரியானது, ஆனால் பெரிய முகத்தில் குட்டை முள் என்று பார்வைக்குப் பொருந்தாமல் போனது. துளையிடும்போது துளையைச் சுற்றி எனாமலும் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. ஆகவே முதல் தடவை செய்பவர்கள் அலுமினிய மூடியையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

25 முதல் 35 சென்ரிமீற்றர் வரை விட்டமுள்ள மூடி வசதியானது. கண்ணாடி மூடியை மட்டும் தொட வேண்டாம். அவை பெரும்பாலும் சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து உறுதியூட்டிய கண்ணாடியால் ஆனவை, துளையைப் பெரிதாக்கப்போனால் முழுவதும் ஒரே கணத்தில் துகள்களாகச் சிதறிவிடும்.

மெஷின் வாங்குதல்

மணிக்கூட்டின் உயிர் பின்னாலிருக்கும் சிறிய கறுப்புப் பெட்டியில் இருக்கிறது. கடைகளில் இதை மெஷின் என்றே சொல்கிறார்கள். சாதாரணமாக இது 56 மில்லிமீற்றர் நீள அகலமும் 16 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டது. ஒரு பென்டோர்ச் (AA) பற்றறி போடுவதற்கு அதிலேயே இடமிருக்கும். கொழும்பில் இருப்பவர்கள் புறக்கோட்டைக்குப் போவது நல்லது. பார்சி சமூகத்தைச் சேர்ந்த கான் குடும்பத்தினர் 1923இல் கட்டுவித்த மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டி, முதலாம் குறுக்குத் தெருப் பக்கமாக இருக்கும் மின்சாமான் கடைகளிலும் மணிக்கூடு திருத்தும் சிறிய கடைகளிலும் விசாரிக்கலாம். துளையிடும் அலகு, அரம், வொஷர் முதலியவற்றுக்குப் பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக விருப்பமில்லாதவர்கள், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மலிவான பிளாஸ்ரிக் மணிக்கூட்டைக் கழற்றி அதன் மெஷினையும் முட்களையும் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் நல்ல வழியே.

போகும்போது மூடியைக் கையோடு கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகாமல் ஒரு தடவை வீணாக அலைந்தேன். இரண்டாம் தடவை மூடியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, "நானா, இதுக்குச் சரியான மெஷின் ஒன்று தாங்கோ" என்றபோது, கடைக்காரர் மூடியின் துளையோரத்தை விரல்களுக்கிடையே பிடித்துத் தடிப்பை உணர்ந்துவிட்டு, "இதுக்குக் கட்டைத் தண்டு போதும் தம்பி, நீட்டுத் தண்டு போட்டா முள்ளு வெளியில தள்ளிக்கொண்டு நிற்கும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் முழு விடயமும் அடங்கியிருந்தது. மெஷினின் நடுவிலிருந்து மரை வெட்டிய ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மரையுள்ள அந்தப் பகுதியின் நீளம், மூடியின் தடிப்பு, பின்னால் வைக்கும் இறப்பர் வொஷர், முன்னால் வைக்கும் உலோக வொஷர், நட் ஆகிய எல்லாவற்றையும் தாங்குவதற்கு மட்டும் போதுமானதாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள மூடிக்கு ஐந்தாறு மில்லிமீற்றர் மரை போதும். பலகையில் செய்பவர்களுக்குத்தான் நீண்ட தண்டு தேவைப்படும்.

மெஷினின் உள்ளே நடப்பதையும் சிறிது அறிந்திருந்தால், பின்னால் வரும் பல எச்சரிக்கைகளின் காரணம் விளங்கும். குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு நேரம் கணிக்கும் முதல் மணிக்கூட்டை 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வொரன் மரிசனும் ஜே. டபிள்யூ. ஹோர்ட்டனும் உருவாக்கினார்கள். இன்று நம் கையிலிருக்கும் மெஷினில் இசைக்கவையைப் போன்ற வடிவுள்ள மிகச் சிறிய படிகம் ஒன்று விநாடிக்கு 32,768 தடவைகள் அதிர்கிறது. இந்த எண்ணைப் பதினைந்து தடவைகள் பாதி பாதியாக்கிக்கொண்டு போனால் மிகச் சரியாக ஒன்று வரும். உள்ளிருக்கும் மின்னணுச் சில்லு (சிப்) செய்வது அதைத்தான். இப்படி விநாடிக்கு ஒன்றாக வரும் மின்துடிப்பு ஒரு கம்பிச் சுருளுக்குள் செல்ல, அதனருகே இருக்கும் சின்னஞ்சிறு காந்தம் அரைச் சுற்றுத் திரும்புகிறது. பிரான்ஸ் நாட்டுப் பொறியியலாளர் மரியஸ் லவே 1936இல் வகுத்த மோட்டரின் வழிவந்த அமைப்பு இது. அந்தக் காந்தத்தின் பலம் மிக மிகக் குறைவு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாரமான முட்களை அது தூக்காது. 15 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட முட்கள் வேண்டுமென்றால் கூடிய இழுவிசையுள்ள மெஷினைக் கேட்டு வாங்க வேண்டும். இலக்கங்களைக் காந்தத்தால் ஒட்டவைக்கும் எண்ணமிருந்தால் அதையும் கைவிடுவது நல்லது, பலமான காந்தம் அருகே வந்தால் மோட்டர் நின்றுவிடக்கூடும்.

படுக்கையறைக்கென்றால் டிக் டிக் என்று ஓடாமல் வழுக்கிக்கொண்டு ஓடும் மெஷினை வாங்குங்கள். குழிவான உலோக மூடி சத்தத்தைக் கூட்டித்தான் காட்டும்.

மூடியைத் துலக்குதல்

பழைய அலுமினியத்தில் கறுப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறியிருக்கும். பழப்புளிக் கரைசலிலோ பாதி தேசிக்காயைக் கொண்டோ தேய்த்து, தேங்காய்த் தும்பால் வட்டமாகத் துலக்கினால் கறுப்பு நீங்கும். புளிப்பு அலுமினியத்தின் மேற்படலத்தைக் கரைத்து எடுத்துவிடும். சலவைச் சோடாவைப் பயன்படுத்த வேண்டாம், காரம் பட்டால் அலுமினியம் இன்னும் கறுக்கும். துலக்கியபின் நன்றாகக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். நெளிவுகளைத் தட்டி நிமிர்த்துவதா என்பது அவரவர் விருப்பம். எங்கள் மூடியின் ஓரத்தில் ஒரு நெளிவு இருக்கிறது, பானையை இறக்கும்போது கைதவறி விழுந்ததனால் வந்தது என்று அம்மா சொல்கிறார். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

துளையைப் பெரிதாக்குதல்

பிடி திருகாணியால் பூட்டப்பட்டிருந்தால் கழற்றுவது எளிது. ரிவெட் அடிக்கப்பட்டிருந்தால் உட்பக்கத்திலிருக்கும் அதன் தலையை அரத்தால் தேய்த்துத் தட்டையாக்கி, ஒரு தடித்த ஆணியை வைத்துத் தட்டினால் விழுந்துவிடும். சில மூடிகளில் பிடி நடுவில் அல்லாமல் இரண்டு பக்கமும் ரிவெட் அடித்து வளைவாக இருக்கும். அப்படியானால் மூடியைக் கடதாசியில் கவிழ்த்து வைத்து வரைந்து, வட்டத்தை வெட்டி, இரண்டு தடவைகள் மடித்து நாலாக்கி விரித்தால் மடிப்புகள் வெட்டும் இடமே நடு. அந்தக் கடதாசியை மூடியின் மேல் வைத்துப் புள்ளியிட்டுக்கொள்ளலாம்.

மெஷினின் தண்டுக்குப் பெரும்பாலும் 8 மில்லிமீற்றர் துளை தேவை. பிடி இருந்த துளை அநேகமாக நான்கைந்து மில்லிமீற்றர்தான் இருக்கும். துளைபோடும் மெஷின் உள்ளவர்கள் ஒரேயடியாக 8 மில்லிமீற்றர் அலகை வைத்து அழுத்தக்கூடாது. மெல்லிய தகட்டில் அலகு கடித்துக்கொண்டால் மூடி முழுவதுமே காற்றாடியைப்போல் சுழன்று கையைக் கிழித்துவிடும். மூடியின் கீழே ஒரு பலகைத் துண்டை வைத்து, இரண்டு கிளாம்புகளால் மேசையோடு இறுக்கிப் பூட்டி, 6, 7, 8 என்று அலகை மாற்றி மாற்றி, குறைந்த வேகத்தில் செல்ல வேண்டும். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் அலகில் ஒட்டாமல் வழுவழுப்பாக வெட்டுப்படும். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். கையுறை வேண்டாம், சுழலும் அலகு அதைப் பற்றி இழுத்துவிடும்.

என்னிடம் அப்போது துளைபோடும் மெஷின் இருக்கவில்லை. ஒரு வட்ட அரத்தை வைத்து, சிறிது தேய்ப்பதும் மூடியைத் திருப்புவதும் மறுபடி தேய்ப்பதுமாக வேலை செய்தேன். ஒரு பக்கமாகவே தேய்த்துக்கொண்டிருந்தால் நடு விலகிவிடும் என்பதால், துளையைச் சுற்றி 8 மில்லிமீற்றர் விட்டத்தில் முதலே ஒரு வட்டம் வரைந்துகொண்டு அந்தக் கோட்டைத் தொட்டவுடன் நிறுத்தினேன். முடிந்தபின் துளையின் விளிம்பில் நிற்கும் பிசிர்களை அரத்தாளால் நீக்க வேண்டும்.

பன்னிரண்டாகப் பிரித்தல்

மேடான முகத்தில் பாகைமானியை வைத்து அளப்பது சரிவராது. அதற்குப் பதிலாக, பழைய பத்திரிகையிலிருந்து விரலளவு அகலமுள்ள நீண்ட துண்டொன்றை வெட்டி மூடியின் விளிம்பைச் சுற்றிப் பிடித்து, இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் வெட்டிவிடுங்கள். இப்போது அந்தத் துண்டின் நீளம் மூடியின் சுற்றளவு. 30 சென்ரிமீற்றர் மூடியென்றால் ஏறக்குறைய 94.2 சென்ரிமீற்றர் வரும். அதைப் பாதியாகவும் பிறகு மீண்டும் பாதியாகவும் மடித்தால் நான்கு பகுதிகள் கிடைக்கும். ஒவ்வொரு கால் பகுதியையும் அடிமட்டத்தால் மூன்றாக, அதாவது 7.85 சென்ரிமீற்றர் வீதம் பிரித்துக் குறியிடுங்கள். துண்டை மறுபடி விளிம்பில் சுற்றி ஒட்டி, குறிகளைப் பென்சிலால் மூடிக்கு மாற்றிவிட வேண்டும். எதிரெதிர்க் குறிகளுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது துளையின் நடுவைக் கடக்க வேண்டும். கடக்காவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. ஆறு சோடிக்கும் இதைச் செய்து பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

பன்னிரண்டு எங்கே வரவேண்டும் என்பதையும் இந்த நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். எங்கள் மூடியின் ஓரத்தில் அம்மம்மாவின் பெயரின் முதலெழுத்து, பாத்திரக் கடைகளில் பெயர் வெட்டுவதைப்போல், புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்தது. துலக்கும் வரையில் அது என் கண்ணில் படவில்லை. அந்த எழுத்து ஆறு மணிக்குக் கீழே நிமிர்ந்து நிற்கும்படி மூடியைத் திருப்பி வைத்து, அதற்கு நேர் எதிரே பன்னிரண்டைக் குறித்தேன்.

இலக்கங்கள்

அந்தப் புள்ளி எழுத்தைப் பார்த்த பிறகு, இலக்கங்களையும் அதே முறையில் வெட்டுவதுதான் பொருத்தம் என்று தோன்றியது. தமிழ் இலக்கங்களையே போட்டேன்: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯, ௰, ௰௧, ௰௨. பழைய தமிழ் முறையில் பத்துக்குத் தனிக் குறி இருப்பதால், பதினொன்றும் பன்னிரண்டும் பத்துக் குறியோடு ஒன்றும் இரண்டும் சேர்ந்து வரும். க, உ, எ, அ ஆகிய எழுத்துக்களின் சாயல் ௧, ௨, ௭, ௮ ஆகியவற்றில் இருப்பதால் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வருபவர்கள் முதலில் சிறிது நேரம் உற்றுப் பார்க்கிறார்கள், பிறகு முள் நிற்கும் இடத்தைக் கொண்டே நேரத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

வேலை இப்படி. ஒவ்வொரு இலக்கத்தையும் 2.5 சென்ரிமீற்றர் உயரத்தில் மெல்லிய கடதாசியில் எழுதி, விளிம்பிலிருந்து உள்ளே ஒரே அளவு இடைவெளி விட்டு மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். மூடியின் உட்பக்கத்தில், இலக்கம் வரும் இடத்துக்கு நேராக, மென்மையான பலகைத் துண்டொன்றைத் தாங்கலாக வைக்க வேண்டும். பிறகு நுனியைச் சற்று மழுக்கிய ஒரு இரும்பாணியைக் கோட்டின் மேல் செங்குத்தாக நிறுத்தி, சிறிய சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. இரண்டு மில்லிமீற்றர் தள்ளி அடுத்த தட்டு. ஊடுருவித் துளை விழக்கூடாது, குழி மட்டும் விழ வேண்டும். தட்டும் வேகம் ஒரே சீராக இருந்தால் புள்ளிகளும் ஒரே அளவாக இருக்கும். அந்தச் சீர் கைக்கு வருவதற்கு வேறொரு பழைய அலுமினியத் தகட்டில் ஒரு மாலை நேரம் பழகிப் பார்ப்பது அவசியம். ௧ஐயும் ௩ஐயும் வளைவுகளில் புள்ளிகளை நெருக்கமாக இட்டால்தான் வடிவம் தெளிவாக வரும். எல்லா இலக்கமும் முடிந்தபின் கடதாசியை உரித்துவிட்டு, கறுப்பு எனாமல் பெயின்டைத் துணியில் தொட்டுப் புள்ளிகளின் மேல் தேய்த்து, இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு துணியில் சிறிது தின்னர் தொட்டு மேற்பரப்பை மட்டும் துடைத்தால், குழிகளுக்குள் கறுப்பு தங்கி நிற்க, சுற்றியிருக்கும் உலோகம் பழையபடி மின்னும். அழுத்தித் துடைத்தால் குழியிலுள்ளதும் வந்துவிடும்.

முழுதாகப் பெயின்ட் அடிக்க விரும்புகிறவர்கள் அலுமினியத்துக்கென்றே உள்ள பிரைமரை முதலில் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சில மாதங்களில் பெயின்ட் உரிந்து வரும். கடற்கரைப் பக்கமாக இருக்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வீடுகளில் உப்புக் காற்றினால் வெறும் அலுமினியத்தில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். ஆகவே கடைசியாக நிறமற்ற வார்னிஷ் ஒன்றை மெல்லிய படலமாகத் தெளித்து ஒரு நாள் காயவிடுவது நல்லது.

மெஷினையும் முட்களையும் பூட்டுதல்

பின்பக்கத்திலிருந்து மெஷினின் தண்டில் இறப்பர் வொஷரைப் போட்டு, தண்டைத் துளை வழியே முன்னால் விட்டு, உலோக வொஷரையும் நட்டையும் பூட்டுங்கள். நட்டை விரலால் இறுக்கியபின் ஸ்பனரால் கால் சுற்று மட்டும் இறுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் பிளாஸ்ரிக் உடல் வெடித்துவிடும். மூடியின் நடுப்பகுதி தட்டையாக இல்லாமல் வளைவாக இருந்தால் மெஷின் ஆடிக்கொண்டு நிற்கும். அப்போது இறப்பர்த் துண்டுகளை நான்கு மூலையிலும் ஒட்டி ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மெஷினிலிருக்கும் தொங்கவிடும் கொக்கி பன்னிரண்டின் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்களைப் பூட்டும் ஒழுங்கு மாறக்கூடாது: மணி முள், பிறகு நிமிட முள், கடைசியாக விநாடி முள். பற்றறி போடாத நிலையில், மணி முள்ளைப் பன்னிரண்டுக்கு நேராக வைத்து இரண்டு கட்டைவிரல்களாலும் சமமாக அழுத்துங்கள். நிமிட முள்ளையும் பன்னிரண்டிலேயே வைத்து, அதற்குரிய சின்ன நட் இருந்தால் மெதுவாகப் பூட்டுங்கள். நிமிட முள்ளின் நீளம் இலக்கங்களின் உள்ளோரத்தைத் தொடுமளவுக்கு இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். மணி முள் அதில் மூன்றில் இரண்டு பங்கு. விநாடி முள்ளின் ஊசி மிக மென்மையானது, ஆகவே அதை நேராக வைத்து விரல் நுனியால் தொட்டதுபோல் அழுத்த வேண்டும்.

இனி மெஷினின் பின்னாலிருக்கும் சக்கரத்தைத் திருப்பி முட்களைப் பன்னிரண்டு மணி நேரமும் முழுதாகச் சுற்றவிடுங்கள். முட்களைக் கையால் தள்ள வேண்டாம். கண்ணை மூடியின் விளிம்பு மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பார்த்தால், ஒரு முள்ளுக்கும் மற்ற முள்ளுக்கும் இடையில் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் முள் உரசுகிறது. அந்த முள்ளை மெதுவாக வளைத்துச் சரிசெய்யலாம்.

பற்றறியைப் போட்டு, கைத்தொலைபேசியைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்யுங்கள். இந்த மூடி பானையின் மேல் இருந்த காலத்தில் இலங்கையின் நேரமே மூன்று தடவைகள் மாறியிருக்கிறது. 1996 மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அக்டோபரில் அரை மணி பின்னே வந்தது, 2006 ஏப்ரலில் மீண்டும் அரை மணி பின்னே வந்து பழைய நேரத்துக்கே திரும்பினோம். ஒவ்வொரு தடவையும் அப்பா கதிரையில் ஏறி நின்று சுவர் மணிக்கூட்டைத் திருப்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தொங்கவிடுதல்

உடனே சுவரில் மாட்டிவிடாமல், ஒரு முழு நாள் மேசையில் நிமிர்த்திச் சாய்த்து வைத்து ஓடவிடுங்கள். படுக்கவைத்தால் ஓடுவதும் நிமிர்த்தினால் நிற்பதுமாக இருந்தால் முட்கள் பாரம் கூடியவை, அல்லது உரசுகின்றன. மூடியின் விளிம்பு 16 மில்லிமீற்றருக்கு மேல் ஆழமாக இருந்தால் மெஷின் உள்ளே மறைந்து, விளிம்பு சுவரோடு ஒட்டி நிற்கும். ஆணி அந்த ஆழத்துக்கு ஏற்ப வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆழம் குறைந்த மூடியென்றால் கீழ்ப்பக்கம் இரண்டு இறப்பர்க் குமிழ்களை ஒட்டி மட்டப்படுத்தலாம்.

சீமெந்துச் சுவரில் 6 மில்லிமீற்றர் துளையிட்டு, ரோல் பிளக் வைத்துத் திருகாணி பூட்டுவதே உறுதியானது. வாடகை வீட்டில் புதிதாகத் துளையிட அனுமதி கிடைக்காவிட்டால், நாட்காட்டி தொங்கிக்கொண்டிருக்கும் ஆணி ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். நாங்கள் அதைத்தான் பயன்படுத்தினோம். அடுப்புக்கு மேலேயும், கடலைப் பார்த்த யன்னலுக்கு நேர் எதிரேயும் மாட்டாதீர்கள். நீராவியும் உப்பும் பற்றறி தொடும் தகடுகளைத் துருப்பிடிக்க வைக்கும்.

இந்த வகை மெஷின் மாதத்துக்கு ஏறக்குறைய 15 விநாடிகள் கூடவோ குறையவோ ஓடுவது வழக்கம். பற்றறி மாற்றிய திகதியை மூடியின் உட்பக்கத்தில் மாக்கர் பேனாவால் எழுதிவைக்கிறேன். ஒழுகும் பற்றறி மெஷினையே கெடுத்துவிடும் என்பதால், அது முற்றாகத் தீர்ந்து நிற்கும் வரையில் காத்திருக்கக்கூடாது. தீரும் நேரத்தை மணிக்கூடே முன்கூட்டிக் காட்டும்: விநாடி முள் ௯ஐ நெருங்கும்போதுதான் தன் முழுப் பாரத்தோடும் கிடையாக நின்று மேலே ஏற வேண்டியிருக்கிறது, பலம் குறைந்த மோட்டரால் அதைத் தூக்க முடிவதில்லை. ஆகவே அந்த முள் ௯க்கு அருகே ஒரே இடத்தில் நின்று துடித்துக்கொண்டிருப்பதைக் கண்டால், அன்றே புதிய பற்றறியைப் போட்டுவிடுங்கள்.